மூடாத இமை

முகம் கழுவிக்கொண்டிருந்தபோது சோப்பு நுரை இடது கண்ணுக்குள் போய்விட்டது. சுரீரென்று எரிந்தது. கண்ணை மூடிக்கொண்டுதான் தேய்த்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தும் எரிச்சல் அடங்கவில்லை. வாய் கொப்பளித்தால் தண்ணீர் இடது கடைவாய் வழியே தானாக ஒழுகியது. துண்டோடு வந்த மகள் என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"கண்ணை மூடுங்கள் அம்மா."

"மூடித்தான் இருக்கிறேன்."

"இல்லை அம்மா, இடது கண் திறந்திருக்கிறது. வெள்ளை விழி மட்டும் தெரிகிறது."

அந்த வெள்ளை விழிக்கு என்ன பொருள் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அன்று வீட்டில் எல்லோரும் பார்த்தது என் வாயைத்தான். "கொஞ்சம் சிரி, பார்க்கலாம்" என்றார் என் கணவர். சிரித்தேன். உதடு வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போக, இடது கன்னம் துணி தொங்குவது போல அசையாமல் கிடந்தது. பக்கவாதம் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சொல்தான் எங்களோடு உட்கார்ந்து வந்தது.

முகவாதம் வந்தவர்களிடம் எல்லோரும் கோணிய வாயைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் கண்ணைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். கோணிய வாய் பெரும்பாலானோருக்குத் திரும்பிவிடுகிறது. காய்ந்து புண்ணாகித் தழும்பேறிய கருவிழியோடு பார்வை முழுதாகத் திரும்பாமலே போகலாம். இது எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தால் ஆறாம் நாள் இரவு பட்ட பாட்டைப் பட்டிருக்க மாட்டேன்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் முதலில் கேட்டது விசித்திரமாக இருந்தது. "புருவத்தை மேலே தூக்குங்கள்" என்றார். தூக்கினேன். வலது நெற்றியில் கோடுகள் விழுந்தன. இடது நெற்றி இஸ்திரி போட்டது போல வழவழப்பாக இருந்தது. பிறகு இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், சில சொற்களைத் திரும்பச் சொல்லச் சொன்னார். கை கால்களிலும் நினைவிலும் எந்தக் குறையும் இல்லை என்று உறுதியான பிறகுதான் அவர் முகம் தளர்ந்தது.

நெற்றியை இயக்கும் தசைக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் மூளையின் ஒரு பக்கம் பாதிக்கப்படும் பக்கவாதத்தில், வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். மூளையை விட்டு வெளியே வந்த பிறகு நரம்பே பழுதாகிவிட்டால், நெற்றி முதல் தாடை வரை அந்தப் பக்கம் மொத்தமும் விழுந்துவிடும். எனக்கு நேர்ந்தது இரண்டாவது. ஆனால் இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே நெற்றியைச் சுருக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். விதிவிலக்குகள் உண்டு. முகம் திடீரென்று கோணினால் மருத்துவமனைக்கு ஓடுவது ஒன்றுதான் வழி. எது எது என்று பிரிப்பது அவர்கள் வேலை.

நோயின் பெயர் பெல்ஸ் பால்சி. ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 20 முதல் 30 பேருக்கு வருகிறது. ஜன்னலோரம் படுத்ததால் வந்தது, குளிர்காற்று பட்டதால் வந்தது என்று உறவினர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உடலில் உறங்கிக் கிடக்கும் ஹெர்பிஸ் வைரஸ் விழித்துக்கொள்வது காரணமாக இருக்கலாம் என்பது மருத்துவர்கள் பலரின் எண்ணம். எதுவானாலும், நான் செய்த ஏதோ தவறுக்கான தண்டனை இது என்று எண்ணி அழுத அந்த முதல் இரவை யாரும் கழிக்க வேண்டியதில்லை.

அன்றே ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார்கள். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் வீட்டில் ஒரு தயக்கம். இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமே என்றார் ஒரு பெரியவர். பொறுக்கக் கூடாத இடம் இதுதான். 2007-இல் ஸ்காட்லாந்தில் நடந்த ஆய்வொன்றின் முடிவு வெளியானது. முகவாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கியவர்களில் 94 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒன்பது மாதத்தில் முழுதாகத் தேறியிருந்தார்கள். அந்த மருந்து கிடைக்காதவர்களில் அது சுமார் 82 சதவீதம். கெடு 72 மணி நேரம். அதை யோசனையில் கழித்துவிடக் கூடாது. சர்க்கரை நோயோ கர்ப்பமோ இருந்தால் எவ்வளவு கொடுப்பது, கொடுக்கலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கடையில் தானாக வாங்கி விழுங்கும் மாத்திரை இது இல்லை.

அந்த மருத்துவமனையில் எனக்கு நல்ல சிகிச்சைதான் கிடைத்தது. ஒன்றே ஒன்றைத் தவிர. கண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. ஒரு சொட்டு மருந்தின் பெயர் சீட்டின் கடைசி வரியில் இருந்தது. கடைசி வரியில் இருப்பது கடைசியாகக் கவனிக்க வேண்டியது என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த நரம்பு எங்கே எப்படிப் போகிறது என்று பின்னாளில் ஒரு மருத்துவர் எனக்குக் கையால் காட்டிக் கொடுத்தார். மூளைத் தண்டிலிருந்து புறப்படும் ஏழாவது கபால நரம்பு இது. காதுக்கு உட்புறம் உள்ள எலும்புக்குள் நுழைந்து, சுமார் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குறுகிய சுரங்கத்தின் வழியே வளைந்து வளைந்து போகிறது. பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலிய உடற்கூற்றியலாளர் ஃபலோப்பியோவின் பெயரால் அந்தச் சுரங்கத்தை அழைக்கிறார்கள். அதன் மிக ஒடுக்கமான இடம் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. நரம்பு வீங்கினால் அங்கே விரிய இடமில்லை, எலும்பு இம்மியும் விட்டுக்கொடுக்காது. தன் வீக்கத்தாலேயே நரம்பு நசுங்குகிறது. ஸ்டீராய்டு அந்த வீக்கத்தை வடிக்கத்தான்.

இதைக் கேட்டபோது அந்த வாரம் எனக்குப் புரியாமல் இருந்த சில சங்கதிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. முகம் விழுவதற்கு முந்தைய நாள் இடது காதுக்குப் பின்னால் ஒரு வலி இருந்தது. பாத்திரம் உரசும் ஓசை இடது காதில் மட்டும் அறைவது போலக் கேட்டது. நாக்கின் இடப்பக்கம் சுவை மங்கிப்போனது. காதுக்குள் இருக்கும் ஸ்டேபீடியஸ் என்ற மிகச் சிறிய தசை பெரிய ஓசைகளைத் தணிக்கிறது, அதை ஆள்வது இந்த நரம்பின் ஒரு கிளை. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவை உணர்வைச் சுமந்து வருவதும் இதன் ஒரு கிளைதான். கண்ணீர்ச் சுரப்பிக்குப் போகும் இழைகளும் இதே வழியில்தான் கிளம்புகின்றன. ஒரே கொடியில் இத்தனை காய்கள்.

எலும்பை விட்டு, காது மடலுக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்படும் மேட்டின் அடியில் ஒரு துளை வழியே நரம்பு வெளியே வருகிறது. வந்ததும் காதுக்கு முன்னால் இருக்கும் பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து, அதற்குள்ளேயே விரிந்து ஐந்து கிளைகளாகிறது. தான் ஊடுருவிச் செல்லும் அந்தச் சுரப்பியைச் சுரக்க வைப்பது இதன் வேலை இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அதை ஒன்பதாவது நரம்பு பார்த்துக்கொள்கிறது.

அந்த மருத்துவர் எனக்குப் பின்னால் நின்று, தன் இடது உள்ளங்கையின் அடிப்பகுதியை என் இடது காதுக்கு முன்னால் வைத்து, ஐந்து விரல்களையும் முகத்தின் மேல் விரித்தார். கட்டைவிரல் நெற்றிப் பொட்டை நோக்கி, ஆள்காட்டி விரல் கன்ன எலும்பின் மேலாகக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கி, நடுவிரல் கன்னத்தின் குறுக்கே மேலுதட்டை நோக்கி, மோதிர விரல் தாடையின் ஓரமாக, சுண்டு விரல் கழுத்துக்கு. "இவைதான் ஐந்து கிளைகள்" என்றார். ஆள்காட்டி விரலை மட்டும் லேசாகத் தட்டினார். "நீங்கள் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றி."

சைகோமேட்டிக் கிளை என்பது அதன் பெயர். கன்ன எலும்புக் கிளை என்று சொல்லலாம். கண்ணைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. அதை இயக்கி இமையை மூட வைப்பதில் பெரும்பங்கு இந்தக் கிளைக்கு. நெற்றிக் கிளையும் அந்த வளையத்தின் மேற்பகுதிக்குக் கைகொடுக்கிறது. சிரிக்கும்போது கடைவாயை மேலே இழுக்கும் தசைக்கும் இந்தக் கன்ன எலும்புக் கிளையிலிருந்து இழைகள் போகின்றன.

இமையைத் திறப்பது வேறு நரம்பு. மேல் இமையைத் தூக்கும் தசை மூன்றாவது கபால நரம்பின் பொறுப்பு. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே என் இடது கண் நன்றாகத் திறந்தது, திறந்ததை மூட ஆளில்லை. முகமே விழுந்துவிட்டதே, இமையும் விழுந்து கண்ணை மூடிக்கொள்ளும் என்றுதான் பலரும் நினைப்பார்கள், நானும் நினைத்திருந்தேன். நடப்பது நேர்மாறு. கண் அகல விழித்தபடி நிற்கும்.

நாம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முதல் 20 முறை இமைக்கிறோம். இமைப்பொழுது என்று காலத்துக்கே அளவு வைத்த மொழி நம்முடையது. ஆனால் அந்தப் பொழுதில் என்ன நடக்கிறது என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. கருவிழியை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலத்தை, கார்னியாவை, ஒவ்வோர் இமைப்பும் கண்ணீரால் மெழுகுகிறது. தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் படலத்தில் ரத்தக் குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டிய உயிர்வளியைப் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர்ப் படலத்தின் வழியாகவே அது பெறுகிறது. அந்த ஈரம் காய்ந்தால் மேல்தோல் உரியத் தொடங்குகிறது, உரிந்த இடத்தில் கிருமி புக வழி கிடைக்கிறது.

என்னை ஏமாற்றியது கண்ணீர்தான். என் இடது கண்ணிலிருந்து ஓயாமல் தண்ணீர் வடிந்தது. கைக்குட்டையால் ஒற்றி ஒற்றிக் கன்னம் சிவந்துவிட்டது. இவ்வளவு நீர் வடியும் கண்ணுக்கு எதற்குச் சொட்டு மருந்து என்று நானே முடிவு செய்து அதை ஓரம் கட்டினேன். இமை மூடித் திறக்கும் அழுத்தத்தில்தான் கண்ணீர் மூக்கோரத் துளைகள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. இமை அசையாமல், கீழ் இமையும் தளர்ந்து வெளிப்பக்கம் சரிந்துவிட்டால், ஊறும் நீர் கண்ணை மெழுகாமல் கன்னத்தில் வழிகிறது. கண் வறண்டு கிடக்க, கன்னம் நனைகிறது. வடிகிற கண் வறண்ட கண் என்று யாராவது அன்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

இரவில் கண்ணுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றியது. பஞ்சை மடித்துத் துணியில் சுற்றிக் கண்மேல் வைத்து, மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு படுத்தேன். மூன்று இரவுகள் அப்படித்தான் தூங்கினேன். ஆறாம் நாள் பின்னிரவில் விழிப்பு வந்தபோது கண்ணுக்குள் மணலைக் கொட்டி அரைத்தது போல இருந்தது. விளக்கைப் போட்டதும் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. கண் செக்கச்சிவந்திருந்தது. விடியும் வரை ஈரத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கார்னியாவின் உணர்வைச் சுமப்பது ஐந்தாவது நரம்பு, அது முழு விழிப்போடு இருந்தது. தூசு விழுந்தால் ஐந்தாவது நரம்பு சேதி சொல்லும், ஏழாவது நரம்பு இமையைக் கொட்டும், அதுதான் இயற்கை ஏற்பாடு. எனக்குச் சேதி மட்டும் வந்துகொண்டே இருந்தது.

காலையில் கண் மருத்துவர் ஒரு சாயத் துளியை விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். உரிந்த இடங்களில் அந்தச் சாயம் பச்சையாக ஒளிரும். அவர் எடுத்த படத்தை எனக்கும் காட்டினார். கருவிழியின் கீழ்ப் பகுதியில் குறுக்கே ஒரு பச்சைப் பட்டை, அதற்குள் புள்ளி புள்ளியாகத் தெறிப்புகள், நடுவில் ஒரு கீறல். "பஞ்சு வைத்தீர்களா?" என்று கேட்டார். தலையசைத்தேன். மூடாத கண்ணின் மேல் பஞ்சை வைத்தால், துணிக்கு அடியில் கண் திறந்தே இருக்கும். தூக்கத்தில் புரளும்போதெல்லாம் துணி கார்னியாவை உரசும். பாதுகாப்பு என்று நினைத்து நானே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்திருக்கிறேன்.

ஏன் கீழ்ப் பகுதி மட்டும் என்று கேட்டேன். என் மகள் சொன்ன வெள்ளை விழிக்கு விடை அங்கேதான் கிடைத்தது. கண்ணை மூட முயலும்போது விழி தானாக மேல்நோக்கிச் சுழல்வது பெரும்பாலோருக்கு இயல்பு. இமை மூடியிருப்பதால் வெளியே தெரிவதில்லை. இமை மூடாதபோதுதான் தெரிகிறது. சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவரின் பெயரால்தான் அந்தச் சுழற்சியையும் குறிப்பிடுகிறார்கள். ஐந்தாவது நரம்பும் ஏழாவது நரம்பும் முகத்தில் வெவ்வேறு வேலை செய்கின்றன என்பதைப் பிரித்தறிய முயன்று 1821-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஆய்வுரை அளித்தவர் அவர். விழி மேலே போவதால் கருவிழியின் மேற்பகுதி இமைக்குள் ஒளிந்து தப்பிக்கிறது. கீழ்ப் பகுதி வெளியே நின்று காய்கிறது. எனக்கு அந்தச் சுழற்சி நன்றாக இருந்ததால் கீறல் நடுப் பார்வையைத் தொடவில்லை. அது சரியாக இல்லாதவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

இரவில் கண்ணை மூடி ஒட்டும் முறையை அங்கிருந்த செவிலியர் எனக்கும் என் கணவருக்கும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார். இதை விரிவாகவே எழுதுகிறேன். கையைக் கழுவிக்கொண்டு, கீழ் இமையை மெதுவாக இழுத்து, அந்தப் பள்ளத்தில் அரை விரல்கடை நீளத்துக்குக் கண்ணுக்கான களிம்பை இட வேண்டும். களிம்பு பார்வையை மங்கலாக்கும், அதனால்தான் அது இரவுக்கு, சொட்டு மருந்து பகலுக்கு. கீழே பாருங்கள் என்பார். கீழே பார்த்தால் மேல் இமை பாதி தானாக இறங்கும். மீதியைச் சுட்டுவிரலின் பின்புறத்தால் இமை முடிகளுக்குச் சற்று மேலே தொட்டு இறக்கி, கீழ் இமையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இமையைச் சுற்றியுள்ள தோலில் களிம்புப் பசை இருந்தால் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் எதுவும் ஒட்டாது. பிறகு காகிதப் பிளாஸ்திரியின் மெல்லிய துண்டு ஒன்றை மேல் இமையின் மேல் தொடங்கிக் கன்ன எலும்பு வரை சாய்வாக ஒட்ட வேண்டும். தேவையானால் குறுக்காக இன்னொன்று. இமை முடிகள் உட்பக்கம் மடங்கியிருக்கக் கூடாது. பிளாஸ்திரியின் ஓரம் கண்ணைத் தொடக் கூடாது. இவ்வளவும் முடிந்த பிறகு இன்னொருவர் கைவிளக்கை அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு நூலிழை இடைவெளி தெரிந்தாலும் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். பஞ்சோ துணியோ வைப்பதானால் இப்படி ஒட்டி மூடிய கண்ணின் மேல்தான் வைக்க வேண்டும்.

முதல் இரவு என் கணவர் நான்கு முறை பிரித்து ஒட்டினார். கை நடுங்கியது அவருக்கு. ஒரு வாரத்தில் ஒரு நிமிட வேலையாகிவிட்டது. காலையில் பிளாஸ்திரியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து ஊற வைத்து எடுத்தால் இமைத் தோல் உரியாது.

பகலில் மணிக்கொரு முறை சொட்டு மருந்து. இவ்வளவு அடிக்கடி விடுவதானால் பதப்படுத்தும் ரசாயனம் கலக்காத சொட்டு மருந்தாக எழுதித் தரும்படி கேளுங்கள், அந்த ரசாயனமே கண்ணை எரிக்கக்கூடும். நினைவு வரும்போதெல்லாம் விரலின் பின்புறத்தால் இமையை இறக்கி ஏற்றுவேன். கையால் இமைத்தேன் என்று சொல்லலாம். மின்விசிறிக்கு நேரே உட்காருவதை நிறுத்தினேன். வெளியே போனால் பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடி. நான்கு நாளில் வலி போனது, பத்து நாளில் சாயச் சோதனையில் கீறல் மறைந்திருந்தது.

அந்தக் கண் மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். மாதங்கள் போயும் இமை மூடாதவர்களுக்குத் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ செய்த ஒரு சிறிய எடையை மேல் இமைக்குள் வைத்துத் தைப்பார்களாம். திறக்கும் தசை நன்றாக இருப்பதால் அது எடையைத் தூக்கிவிடும், தசை தளரும்போது எடை இமையைக் கீழே இறக்கும். புவியீர்ப்பை நம்பி நடக்கிற வேலை என்பதால் படுக்கும்போது அது அவ்வளவாக உதவாது. அவர்களும் இரவில் களிம்பு போடத்தான் வேண்டும்.

வகுப்பறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியை. பகரமும் மகரமும் உதடு கூடாமல் பிறப்பதில்லை. என் இடது உதடு கூட மறுத்தபோது பாடம் என்ற சொல்லே காற்றாகப் போனது. இடது கன்னத்தை ஒரு விரலால் சற்று மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினால் சொல் தெளிந்தது. மூன்று வாரம் அப்படியே நடத்தினேன். மாணவர்கள் ஒரு நாள் கேட்டார்கள், நரம்பின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன், அதன் பிறகு யாரும் என் வாயைப் பார்க்கவில்லை.

பெரும்பாலோருக்கு மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஓர் அசைவு திரும்பிவிடுகிறது. எனக்கு ஆறாவது வாரம் வரை ஒன்றும் இல்லை. நசுங்கிய நரம்பிழை உள்ளுக்குள் அறுபடாமல் இருந்தால் வீக்கம் வடிந்ததும் வாரங்களில் விழித்துக்கொள்ளும். இழை சிதைந்துவிட்டால் மறுபடி வளர்ந்து வர வேண்டும். நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் அது நகர்கிறது. காதுக்குள் அடிபட்ட இடத்திலிருந்து கண்ணின் ஓரம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். இந்த ஒரு மில்லிமீட்டர் கணக்குதான் எனக்குப் பொறுமையைக் கொடுத்தது.

அந்த நாட்களில் நான் செய்த இரண்டாவது தவறு முரட்டுப் பயிற்சி. எதையாவது மென்றுகொண்டே இருந்தால் கன்னம் திரும்பிவிடும் என்று யாரோ சொல்ல, தாடை வலிக்கும் வரை மென்றேன். மெல்லும் தசைகளை இயக்குவது ஐந்தாவது நரம்பு. விழாத தசைகளுக்கு உடற்பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி முன் நின்று முகத்தை முழுப் பலத்தோடு இறுக்கியும் பார்த்தேன். பிசியோதெரபி நிபுணர் இரண்டையும் நிறுத்தச் சொன்னார். அவர் கொடுத்த பயிற்சி மிக மெல்லியது. கண்ணாடி முன் அமர்ந்து, முகத்தைத் தளர்த்தி, ஓர் அசைவை மட்டும், சிறிதாக, இரு பக்கமும் ஒத்துப் போகும் அளவுக்கு. வாய் கூடவே அசைந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஏன் என்பது ஐந்தாம் மாதம் விளங்கியது. கண்ணை மூடினால் இடது கடைவாய் லேசாக மேலே துள்ளியது. உதட்டைக் குவித்தால் இடது கண் சுருங்கியது. மீண்டும் வளரும் இழைகள் சில வழி தவறிப் பக்கத்துத் தசைக்குள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. கன்ன எலும்புக் கிளையும் அதற்குக் கீழுள்ள கன்னக் கிளையும் ஒன்றோடொன்று நிறையப் பின்னிக் கிடப்பவை. முழு முகத்தையும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பழகினால் அந்தத் தவறான கூட்டு இன்னும் உறுதிப்படும் என்றார் அவர். மெதுவாகப் பிரித்துப் பிரித்துப் பழக்கியதில் எனக்குப் பாதிக்கு மேல் குறைந்தது. குறையாதவர்களுக்குத் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போடுவதுண்டு. நெற்றி எனக்குக் கடைசியாகத்தான் திரும்பியது. நெற்றிக் கிளைக்கு மற்றக் கிளைகளோடு அப்படிப் பின்னல் அதிகம் இல்லை, யாரும் கைமாற்றுத் தரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முகவாதத்தை அளக்க 1985-இல் வகுத்த ஹவுஸ்–பிராக்மன் அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆறு படிகள். ஒன்று இயல்பு, ஆறு முழு முடக்கம். மூன்றையும் நான்கையும் பிரிக்கும் முக்கிய அடையாளங்களில் ஒன்று, முயன்றால் கண் முழுதாக மூடுகிறதா என்பது. என் மருத்துவச் சீட்டில் நான்கு என்ற எண் மூன்று என்று மாறிய நாளை நான் குறித்து வைத்திருக்கிறேன். தொண்ணூற்று மூன்றாம் நாள். அன்று மாலை முகத்தில் சோப்புப் போட்டு, விரலால் இமையைப் பிடிக்காமல், கண்ணை மூடி, நுரை முழுவதும் காதோரம் வழிந்து இறங்கும் வரை அப்படியே நின்றேன்.

அந்த மூன்று மாதக் கணக்கு வேறொரு காரணத்துக்காகவும் முக்கியம். மூன்று மாதத்தில் சிறிதும் முன்னேற்றம் இல்லையென்றால் மறுபடி ஆராய வேண்டும். முகம் ஒரே நாளில் விழாமல் வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தளர்ந்தாலும், காதில் கொப்புளம் எழும்பினாலும், காது கேட்பது குறைந்தாலும், பார்வை இரட்டையாகத் தெரிந்தாலும், கை கால் தளர்ந்தாலும் அது வெறும் பெல்ஸ் பால்சி என்று விட்டுவிடக் கூடாது. காதுக் கொப்புளத்தோடு வருவது ராம்சே ஹண்ட் நோய். சின்னம்மையை உண்டாக்கும் வைரஸின் வேலை அது. அதற்கு மருந்தும் வேறு, அவசரமும் கூடுதல்.

இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போதும் உதட்டைக் குவித்து ஊகாரம் சொன்னால் இடது கண் ஒரு கணம் சுருங்கும். சிரிப்பில் கண்ணும் சேர்ந்து சுருங்குவதுதான் உள்ளத்திலிருந்து வரும் சிரிப்பின் அடையாளம் என்று 1862-இலேயே பிரெஞ்சு மருத்துவர் துஷேன் எழுதியிருக்கிறார். அந்தக் கண்தசையை நாம் நினைத்த மாத்திரத்தில் அப்படி இயக்க முடியாது என்றார் அவர். என் இடது கண் இப்போது வலதைவிடச் சற்று முந்திச் சுருங்குகிறது. பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டால் எனக்கு மட்டும் தெரியும்.

சென்ற மாதம் ஓர் இரவு, முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் அப்பாவுக்கு அன்று காலை வாய் கோணிவிட்டது. மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள், பக்கவாதம் இல்லை என்று உறுதி செய்துவிட்டார்கள், மாத்திரையும் தொடங்கியாயிற்று. "பேச்சு குழறுகிறது அக்கா, வாய் எப்போது நேராகும்?" என்று கேட்டார்.

"அதைப் பிறகு சொல்கிறேன். அப்பாவுக்குக் கண் மூடுகிறதா?"

"தெரியவில்லை அக்கா. தூங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்."

"விளக்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய்ப் பாருங்கள் தம்பி. நான் தொடர்பிலேயே இருக்கிறேன்."

நடந்து போகும் ஓசை கேட்டது. கதவு திறந்தது. சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "தூங்குகிறார் அக்கா. ஆனால் ஒரு கண் சற்றுத் திறந்திருக்கிறது. வெள்ளை தெரிகிறது."

"கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்" என்றேன். "களிம்பு கொடுத்திருக்கிறார்களா பாருங்கள். வீட்டில் காகிதப் பிளாஸ்திரி இருக்கிறதா?"